மனைவி என்று இட்ட கையெழுத்து

என் பெயர் கலாதேவி த/பெ முனியாண்டி. வயது 43. ஈப்போ பக்கத்தில் லகாட்டில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. போலீஸ் சார்ஜன் பவித்ரன் கேட்க, நான் தமிழில் சொல்வது:

இறந்துபோன ஜெயபாலன் என் முன்னாள் கணவர். நாங்கள் இருவரும் தாப்பா பக்கத்தில் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அது இப்போது செம்பனைத் தோட்டம். பிள்ளை இல்லை. 2021இல் ஈப்போ நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்தது. பிரியலாம் என்று நான் சொன்னதும் அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்த ஆத்திரம் எனக்குத் தீரவே இல்லை.

அதன் பிறகு 2023இல் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸுக்கு அவரே ஓட்டுநராக வந்து சேர்ந்தார். வேண்டுமென்றேதான் வந்தார் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் பேசாமலே ஏறி இறங்கினேன். நான் தாமதமானால், மற்றவர்கள் சத்தம் போட்டாலும் பஸ்ஸை எடுக்க மாட்டார். அதன் பிறகு பேசத் தொடங்கினோம். அதன் பிறகு போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் அவர் தம் துணிமணியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து, "வா லா கலா, பதிவிலாகாவுக்குப் போயி கல்யாணத்த மறுபடியும் பதிஞ்சிருவோம்" என்பார். "அன்னிக்கு அவ்வளவு லேசா விட்டீங்கதானே, கொஞ்சம் அலைங்க" என்பேன். சிரித்துக்கொள்வார். ஒரு வருடத்துக்கு மேல் அலைய விட்டேன். அவர் அப்படிக் கேட்பதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

இந்த மாதம் நான்காம் தேதி காலை ஐந்தரைக்கு, வேலைக்குக் கிளம்பும்போது குளியலறையில் விழுந்தார். ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போனோம். தலைக்குள் இரத்தக்கசிவு, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்ற டாக்டர், மனைவியா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். சம்மதப் பாரத்தில் மனைவி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் கண் விழிக்காமலே இரண்டாம் நாள் இறந்தார்.

அதன் பிறகு தஞ்சோங் மாலிமிலிருந்து அவருடைய அண்ணன் தனேஸ்வரன் வந்தார். நாலு வருடம் தம்பியை எட்டிப் பார்க்காதவர். சவக்கிடங்கு வாசலில், "என் தம்பி தலைய அறுக்கச் சொல்ல நீ யாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் பொய் சொல்லிக் கையெழுத்திட்டதாகப் புகாரும் கொடுத்தார். உடலை அவரும் கேட்கிறார், நானும் கேட்டிருந்தேன்.

இன்று நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் புஷ்பலதா, "போலீசு பாலாய்ல கேட்டா, விவாகரத்து முடிஞ்சதே தெரியாதுன்னு சொல்லிருங்கக்கா. கேசும் நிக்காது, பாடியும் உங்களுக்குக் கெடச்சிரும்" என்றாள். சார்ஜனும் அதையே கேட்டார்: தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா?

தெரிந்துதான் சொன்னேன். தீர்ப்புத் தாள் என் அலமாரியில் இருக்கிறது. தெரியாது என்று சொன்னால், அவர் ஒரு வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது இல்லை என்று ஆகிவிடும். அவர் கேட்டார். நான்தான் போகவில்லை. உடலை அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும்.

எழுதியதைச் சார்ஜன் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. ஓரிடத்தில் மட்டும் 'என் கணவர்' என்று இருந்தது. 'கணவர்' என்பதற்கு முன்னால் 'முன்னாள்' என்று சேர்க்கச் சொல்லி, பக்கத்தில் நானே சுருக்கொப்பம் இட்டேன்.

(ஒப்பம்)
கலாதேவி