சடையனுக்கு வந்த கடிதம்

மழை பெய்தால் நம் கல்லூரி மைதானத்தில் பந்து எழும்பாது. செம்மண் தரை. ஓய்வு விழா மலருக்கு என் பணிக்காலத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தத் தரையில்தான் இருபத்தாறு வருஷம் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தேன். மண்டல இறுதியாட்டம் வரை போனது ஒரே ஒரு முறை. அது 1987, சடையன் இருந்த வருஷம்.

சடையன் கல்வராயன் மலைக்காரன். ஆறடி இரண்டு அங்குலம். கூட ஆடுகிறவர்கள் ஏணி என்பார்கள், அவனும் சிரித்துக்கொள்வான். மலைக்குத் தபால் வாரத்தில் ஒரு நாள் போனால் பெரிது. அதனால் மலைப் பிள்ளைகளின் கடிதமெல்லாம், 'மேற்பார்வை: பொன்னுரங்கம், உடற்கல்வி ஆசிரியர்' என்று போட்டு என் மேசைக்கே வரும். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

அவன் வனக்காவலர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். மாதச் சம்பளம் வாங்கியவர் அவன் வீட்டில் யாரும் கிடையாது. செப்டம்பர் பதினாறாம் தேதி வனத்துறை முத்திரையோடு உறை வந்தது. இறுதியாட்டத்துக்கு இன்னும் பத்து நாள். வேலை என்று தெரிந்தால் பயல் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவான். ஆட்டம் முடிந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று, கிழிந்த பந்துகள் போடும் இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் நின்றது, தபாலும் நின்றது. எனக்கு அது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை சடையன் வந்தான்.

"சார், எதுனா லெட்டர் வந்துச்சிங்களா?"

"ரோடு பூரா மரம் கெடக்குது. தபாலு இன்னா பறந்தாடா வரும்?"

"சின்னசேலம் ரயிலு ஸ்டேஷன்ல தபால் மூட்ட தேங்கிக் கெடக்குதாம் சார். நடந்தே போயி கேட்டுக்கினு வந்துட்றேன்."

தடுத்திருக்கலாம். மரம் வெட்டியவர்களைத் தேடி போலீஸ் லாரி அந்தச் சாலையில் அலைவதும், கண்ணில் பட்ட இளவட்டங்களை அள்ளிப்போவதும் எனக்குத் தெரியும். தடுத்தால் ஏன் என்று கேட்பான். "போயிட்டு வா. கால சுளுக்கிக்காத" என்றேன்.

சாயங்காலம் ஒரு ஏட்டையா வந்தார். "உங்ககிட்ட சொல்லிக்கினுதான் லெட்டர் கேக்கப் போனேங்கறான். ஆமான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க சார், உட்டுட்றோம்."

எந்த லெட்டர் என்று அடுத்த கேள்வி வரும். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. ரெண்டு நாளா அவன் பயிற்சிக்கே வரல" என்றேன். மறியலால் அந்த இரண்டு நாளும் பயிற்சியே நடக்கவில்லை. ஆகவே இரண்டாவது வாக்கியம் பொய்யில்லை.

மூன்று நாள் லாக்கப்பில் வைத்திருந்து வெளியே விட்டார்கள். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. வயிற்றுக்குள் அதைவிட மோசம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். அவன் அம்மா செல்லியம்மாள் மலையிலிருந்து நடந்தே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிணத்தை வெளியே எடுத்துவந்தபோது வாசலில் நான் நின்றிருந்தேன்.

"லெட்டரு வந்துதான்னு கேட்டுக்கினே இருந்தான் சாமி. வந்துச்சுங்களா?"

"வரலம்மா."

அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். புள்ளையை ஒரு ஆளாக்கப் பார்த்தீர்களே என்றாள்.

இரண்டு நாள் கழித்து இறுதியாட்டம். சடையன் இடத்தில் வேறொருவனை இறக்கி, நான்கு புள்ளியில் தோற்றோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மலருக்கு இது போதுமா என்று தெரியவில்லை. சடையனைச் சாகவிட்டவன் நான்தான் என்று எழுதுங்கள், மறுக்கமாட்டேன். அந்த உறையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கும், பாருங்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.