மூன்றாவது பார்ட்டிஷன்

— ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க. ஆனா ஏத்திட்டேன்! உங்க லாப்டாப்ல இப்ப விண்டோஸும் கீது, லினக்ஸும் கீது. ஆன் பண்ணா எது வோணும்னு கேக்குது.

— ஏ அப்பா! வேலையில சேரதுக்கு முன்னயே இன்ஜினியர் ஆயிட்டியே பிள்ள. நான் இங்க ஸ்ரீசிட்டி கம்பெனி கேன்டீன்ல ஆறின சாம்பாரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

— ஆறினாலும் பரவால்ல, துன்னுங்க.

— 'துன்னுங்க'வாம்! எங்க திருநெல்வேலிப் பக்கம் வந்து புருசன்கிட்ட இப்பிடிப் பேசிப் பாரு, ஊரே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். திங்கக்கிழம இன்டர்வியூல லினக்ஸ் தெரியுமான்னு கேட்டா, முழிச்சிக்கினு நிக்க மாட்டேன் இல்ல?

— நிக்க மாட்ட. ஆமா, எடம் எங்கேர்ந்து எடுத்த? விண்டோஸச் சுருக்கினியா?

— இல்ல. மூணாவது பார்ட்டிஷன அழிச்சேன்.

— எத?

— டிஸ்க்க மூணா வெட்டி வச்சிருந்தீங்க இல்ல, அதுல கடைசி பாகம். அழிச்சிட்டு லினக்ஸ அங்க போட்டேன்.

— ஏட்டி, வெளையாடாத.

— இன்னா ஆச்சு?

— வெளையாட்டுக்குத்தான சொல்லுத? சொல்லு.

— நிஜங்கா. ஃபார்மேட் பண்ணிட்டேன்.

— ஆஃப் பண்ணு. எதையும் தொடாத, பவர் பட்டன அப்பிடியே அமுக்கிப் பிடி. இனிமே அதுல ஒரு எழுத்து ஏறுனாலும் பழசத் திருப்பி எடுக்க முடியாது.

— பயமா கீதுங்க. இருங்க... அணைஞ்சிடுச்சு. அதுல இன்னா இருந்துச்சு?

— அம்மா.

— இன்னாது?

— அம்மா கொரலு. தொண்டை ஆபரேசனுக்கு முந்தின வாரம் தெனமும் பேசிப் பதிய வச்சா. இனிமே அவளுக்குப் பேச்சு கெடையாதுன்னு டாக்டர் சொன்னது ஒனக்குத் தெரியும்லா?

— ஐயோ... போன்ல காப்பி இல்லியா?

— போன்லதான் பதிஞ்சேன். அந்த போன்தான் காணிப்பாக்கம் கோயில் கூட்டத்துல போச்சே. மிச்சம் இது ஒண்ணுதான். விண்டோஸ் கெட்டுப் போனாலும் இது போகக் கூடாதுன்னுதான் தனியா வெட்டி வச்சேன். அதையா அழிச்ச?

— இருங்க, நான் ஒக்காந்துக்கிறேன்.

— நீ பிஎஸ்சி கம்ப்யூட்டர்ஸ். சுருக்கி எடம் எடுக்கலாம்னு ஒனக்குத் தெரியும். அழிக்க முந்தி உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ தொறந்து பாத்தியா?

— பாக்கல. தைரியம் வரல.

— எதுக்குத் தைரியம்?

— நான் ரூமுக்குள்ள வந்தாலே லாப்டாப்ப மூடிடுவீங்க. காதுல இருக்கறத வெடுக்குன்னு கழட்டுவீங்க. ஒரு நாளு கண்ணு கலங்கிக் கூட இருந்துச்சு. எனக்கு இன்னா தோணும்? அந்தப் பாகத்துக்குத் தமிழ்ல பேரு வேற.

— அந்தப் பேரப் படிச்சிட்டுமா அழிச்ச?

— எனக்கெங்க தமிழ் படிக்க வருது! தமிழு வாயில மட்டும்தான். கார்வேட்டிநகரத்துல ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெலுகு மீடியம். திருத்தணி பஸ்ஸையே யாரையாவது கேட்டுக்கினுதான் ஏறுவேன்.

— பெறகு அது ஒரு பேருன்னு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?

— சொம்பு.

— சொம்பா?

— கல்யாணத்துக்கு வராம, உங்க மாமாகிட்ட பாத்திரம் மட்டும் கொடுத்தனுப்பினாங்களே உங்க அம்மா. சொம்பு, டம்ளர், தட்டு, எல்லாத்துலயும் அதே எழுத்துதான் வெட்டி கீது. இன்னிக்கு சொம்ப எடுத்தாந்து ஸ்கிரீன் பக்கத்துல வச்சிப் பாத்தேன். மூடி இல்லாத டப்பா மாதிரி ஒண்ணு, அது பக்கத்துல ஒரு காலு. அச்சு அசல் அதேதான்.

— ஆமா, அம்மாதான் கடையில பக்கத்துல நின்னு வெட்டச் சொன்னா. அது யாரு பேருன்னு நெனச்ச?

— கோமதி.

— எந்தக் கோமதி?

— உங்க அத்தை பொண்ணு. அவங்களத்தான பேசி வச்சிருந்தாங்க? அவங்களுக்குன்னு பேர் வெட்டின பாத்திரம், வீணாப் போவக் கூடாதுன்னு என் தலைல கட்டிட்டாங்கன்னு நெனச்சேன். எட்டு மாசமா அந்த டம்ளர்லதான் காபி குடிக்கிறேன். ஒரு வார்த்த கேட்டனா? பாத்திரத்துல இருந்தா இருந்துட்டுப் போவட்டும். லாப்டாப்லயும் அவங்களா? எடத்துக்காக அழிக்கலங்க. பொறுக்க முடியாமதான் அழிச்சேன்.

— கடவுளே!

— ஏங்க? திட்டவாவது திட்டுங்க.

— ஆபரேசனுக்கு முந்தி அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'பொங்கலுக்கு மருமக வாசப்படி ஏறும்போது வாம்மான்னு சொல்ல எனக்கு வாய் இருக்காதுல. அதான் இப்பமே சொல்லி வைக்கேன். வீட்டுக்கு வந்த பெறகு போட்டுக் காட்டு, அதுவரைக்கும் மூச்சு விடாத'ன்னா. கல்யாணத்துக்கு வராததச் சொல்லி அழுதுருக்கா அதுல. நான் கேட்டுக் கேட்டு...

— மருமகளா... யாரு?

— எத்தன பேரக் கட்டியிருக்கேன் நான்?

— அப்ப சொம்புல இருக்கறது?

— அந்தச் சொம்பு இப்பம் எங்க இருக்கு?

— மடியிலதான் கீது.

— மூடி இல்லாத டப்பாவும் காலும் சேந்தா 'பா'. அதுக்கு முன்ன இருக்கது 'ரூ'. அது ஒன் பேருட்டி, ரூபா.