எல்லோருக்கும் முப்பத்து நான்கு

கை கழுவாமல் நான் டீகூடக் குடிப்பதில்லை இன்ஸ்பெக்டர் சார். பீளமேட்டில் பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். தரையில் ஒரு பஞ்சுத் துண்டு கிடந்தாலும் எனக்குக் குமட்டும்.

நீங்கள் கேட்பது ட்ரோபோனின் டெஸ்டைப் பற்றி. இதயத் தசைக்குச் சேதம் வந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள் அது. டெஸ்ட் கிட்டோடு வரும் தாளில் இரண்டு வரம்புகள் இருக்கும். ஆணுக்கு முப்பத்து நான்கு, பெண்ணுக்குப் பதினாறு. தாண்டினால் ரிப்போர்ட்டில் ஸ்டார் குறி விழும்.

அந்தக் குறிதான் தொல்லை. ஆண்கள் ரிப்போர்ட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விடுவார்கள். பெண்கள் ஹாலிலேயே உட்கார்ந்து அழுவார்கள். வியர்வை, வாடிய பூ, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைப்பது. ஒருத்தி என் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு கம்ப்யூட்டரில் பெண்களின் வரம்பை அழித்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் முப்பத்து நான்கு. ஹால் சுத்தமாயிற்று.

ராசம்மாள் எங்கள் லேபைப் பெருக்கித் துடைப்பவள். போன மாதம் ஒரு காலையில் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க சார், நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க. படுத்தா நெஞ்ச அடைக்குதுங்க. காலு வேற ஊதிக் கெடக்குதுங்க.”

அவள் பிடித்த இடத்தை அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். டெக்னீஷியன் பிரவீனா ரத்தம் எடுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு.

“சார், பொம்பளைங்களுக்குப் பதினாறுதானுங்களே?”

“ரிப்போர்ட்ல என்ன வந்துருக்குது?”

“நார்மல்னுதானுங்க.”

“அப்பறம் என்ன அம்மணி?”

கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் வாயு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் வேலைக்கு வரும் வழியில், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தவாறே ராசம்மாள் செத்துப்போனாள். வாயெல்லாம் நுரையாம். அதைக் கேட்டபின் மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அவளுக்கு முன்னால் எத்தனை பெண்கள் என்று கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ராசம்மாளுக்கு முன்பே, போன தை மாதம் என் மனைவி ராமாமணிக்கு இதேபோல மூச்சு வாங்கியது. நானே ரத்தம் எடுத்தேன். பத்தொன்பது. ரிப்போர்ட் அடிக்கவில்லை. கிட்டின் தாளை ஒருமுறை பார்த்தேன், காரை எடுத்தேன். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். இன்று நன்றாக இருக்கிறாள். திரும்பி வந்ததும் அந்த வரம்பைக் கம்ப்யூட்டரில் மறுபடி போட்டிருக்கலாம். போடவில்லை. ஹால் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ராசம்மாளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் சார். ஆண், பெண் என்று என் லேபில் ஒருநாளும் நான் பாரபட்சம் காட்டியதில்லை.