திங்கட்கிழமை பேட்டரி

மேடம், நகரியிலிருந்து திருப்பதி வரும் காலைப் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் எனக்கு அந்த வாரம் முழுக்க நல்ல வாரம்தான். உங்கள் வகுப்புக்கு வந்த பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு நாள் கிடைத்தது. மீதி இரண்டு நாளும் புத்தூர் தாண்டியதும் கிடைத்தது. அதனால் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிப் பாடமாக, யாரிடமும் சொல்லாமல் செய்த ஒன்றை எழுதுங்கள், பிறகு யாருக்குச் செய்தீர்களோ அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மா அங்கேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் யாருக்கும் பெரிதாக எதுவும் செய்ததாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுதான் பேட்டரி விஷயம் ஞாபகம் வந்தது.

முதலில் என் வீட்டுக்காரர் மணிவேலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கமான மனிதர். நானும் அவரும் இருபத்தாறு வருடம் ஒரே ஷெட்டில் எதிரெதிரே பவர்லூம் ஓட்டினோம். ஆறு தறி ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் முகத்தைப் பார்த்து, வாயசைவைப் படிக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்படித்தான், நூல் அறுந்தாலும் அப்படித்தான். ஆக, அந்த மனிதர் ஒரு நாளைக்கு நூறு தரம் என் முகத்தைப் பார்த்தார். நான் மூக்குத்தி மாற்றினால் என் அம்மாவுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். வேறு எந்த வீட்டில் புருஷன் இப்படிப் பார்க்கிறான், நீங்களே சொல்லுங்கள்.

தறிச் சத்தத்தில் அவர் காது மந்தமானது. ஷெட்டை வாடகைக்கு விட்டோம். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பெண் ஹரிதா, போன பொங்கலுக்கு வந்தபோது நைனாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்ட அன்று குக்கர் விசில் அடித்ததற்கு அவர் சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கும். ஒரே மாதத்தில் டீக்கடை, பேச்சு, சிநேகிதம் என்று ஆள் மாறிவிட்டார். தெருக்கோடி புருஷோத்தமனின் பஜனை கோஷ்டியில் சேர்ந்து ஜால்ரா தட்டினார். இருபது வருடமாகப் பாடாதவர் பாடினார். சுருதி கேட்கிறது ருக்கு, சுருதி கேட்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் சாப்பிட வாருங்கள் என்று நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால், தெருவைப் பார்த்தபடியே "வர்றேன்" என்றார். திரும்பவே இல்லை. காது கேட்கிறவருக்குத் திரும்ப வேண்டிய அவசியம் ஏது? ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். என் முகத்தை அவர் நான்கு தடவை பார்த்திருந்தார். அதில் இரண்டு, குழம்பில் உப்பு இல்லை என்பதற்காக.

நான் வாடிப்போனதைப் பார்த்துத்தான் ஹரிதா உங்கள் வகுப்பில் சேர்த்துவிட்டாள். "அம்மா, நீயும் நாலு பேரைப் பாத்துக்கினு, உன்னப் பத்தியும் கொஞ்சம் யோசி" என்றாள். மூன்றாவது வாரம், உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னீர்கள். 'என்னைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். சிவப்பு மையில் டிக் போட்டு, அருமை என்று எழுதிக் கொடுத்தீர்கள். நான்காவது வாரம், தேவையை யாரிடமும் கெஞ்சாதீர்கள், நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அதை நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதற்காக உங்கள் மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை. நல்ல பாடம் அது.

அந்த மெஷினுக்கு வாரம் ஒரு பேட்டரி. சட்டைப் பித்தானைவிடச் சின்னது. அவர் விரல் தடிமனானது, அதைப் பிடிக்க வராது. திங்கட்கிழமைதோறும் நான்தான் மாற்றிப் போடுவேன். நான்காவது வகுப்பு முடிந்த மறுநாள், பஸ் அலுப்பில் சத்தியமாக மறந்துபோனேன். மத்தியானம் அடுப்படிக்கு வந்து என் எதிரே நின்றார்.

"ருக்கு, இன்னா சொன்ன? கேக்கலியே."

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் என் வாயையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார், தறிக்கு எதிரே நின்ற மாதிரியே. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அதற்குப் பிறகு மறதி இல்லை. புதுப் பேட்டரியின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ஒட்டு இருக்கும், அதை உரித்தால்தான் பேட்டரி வேலை செய்யும். அதை உரித்து, தீர்ந்துபோன பேட்டரியின் மேல் ஒட்டி, அவர் கண்ணெதிரே மறுபடி உரித்து, அந்தப் பழையதையே மெஷினில் போடுவேன். அவர் கேட்டபோது, "மெஷின் நல்லாத்தான் கீது. காதுதான் இன்னும் கொறஞ்சிருக்கு. போகப் போக கொறையும்னு டாக்டரு அப்பவே சொன்னாரு இல்ல?" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். மெஷினைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் தினம் குளித்ததும் மறக்காமல் மாட்டிக்கொள்கிறார். அவ்வளவு ஒழுங்கான மனிதர்.

வீட்டில் எவ்வளவு அமைதி தெரியுமா, மேடம். யார் வந்து பேசினாலும் அவர் என் பக்கம் திரும்புவார். நான் வாயசைத்துச் சொல்லுவேன். மனசு கஷ்டப்படும்படி யாராவது பேசினால் அதை விட்டுவிடுவேன். டாக்டரிடம் காட்டலாமா என்று ஹரிதா போனில் கேட்டால், காட்டியாயிற்று, ஒன்றும் செய்ய முடியாதாம் என்பேன். பாவம், வேலையை விட்டுவிட்டு அவள் ஏன் அலைய வேண்டும்?

புரட்டாசி பிறந்ததும் புருஷோத்தமன் வந்தார். கோஷ்டி வருடாவருடம் பாடிக்கொண்டே திருமலைக்கு நடந்து ஏறும். அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை, அதன் மேல் ஒரு மீசை. அந்த வாயை என் வீட்டுக்காரரால் படிக்க முடியாது.

"அண்ணே, நீ இல்லாம கோஷ்டியே களையில்லாம கீது. காது கேக்கலன்னா இன்னா, தாளம் கையில கீது இல்ல? நான் பக்கத்துலயே நின்னுக்கினு தொடையில தட்டறேன், நீ பாடு. சனிக்கெழமை காலைல வேன். தப்பகுண்டா, தவறாம வந்துடு."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஓர் ஆவலோடு என்னை அவர் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை. நான் நிதானமாக, வாயை நன்றாகத் திறந்து, சத்தம் வராமல் சொன்னேன்: "இந்த வருசம் வேற ஆளு போட்டுட்டாங்களாம். நீங்க செரமப்பட வேணாங்கறாரு."

அவர் புருஷோத்தமனிடம் கைகூப்பி, "நல்லாப் பாடுங்கப்பா, எனக்கும் சேத்து சாமியப் பாத்துட்டு வாங்க" என்றார். அவர் வர மறுக்கிறார் என்று நினைத்து, புருஷோத்தமன் முகம் தொங்கிப்போய்ப் போனார். என் வீட்டுக்காரர் ஜால்ராவைத் துண்டில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். என்னிடம் வந்து, "நீ கீற, எனக்குக் காது எதுக்கு?" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

தினம் மூன்று நல்ல காரியம் எழுதச் சொல்வீர்களே, அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: அவருக்கு ஆறுதல் சொன்னேன். மலையேறினால் வரும் முழங்கால் வலியிலிருந்து காப்பாற்றினேன். பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பால் வைத்தேன்.

புதுப் பேட்டரி எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆறு இருக்கிறது. ஒட்டு மட்டும்தான் இல்லை. நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை.

இதுதான் எழுதவேண்டியது, எழுதிவிட்டேன். சொல்ல வேண்டியதையும் நேற்றே சொல்லிவிட்டேன். நேற்று திங்கட்கிழமை. காலையில் வழக்கம்போல் அவருக்குப் பேட்டரி மாற்றினேன். சாயங்காலம் அவர் வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தேன். ஒட்டு விஷயம், டாக்டர் விஷயம், புருஷோத்தமன் உண்மையில் என்ன சொன்னார் என்பது வரை ஒரு வார்த்தை விடாமல் வாய்விட்டுச் சொன்னேன். நீங்கள் சொன்னது நிஜம்தான், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலை உரிக்கும் கைகூட நிற்கவில்லை.

நான் முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்து, ஒரு கை கடலையை நீட்டிச் சிரித்தார். மன்னித்துவிட்டார், மேடம்.