நகரசபை சொன்ன உடுப்பு

அந்த நாற்காலி வேண்டாம் சார், குண்டூசி கெடந்தாலும் கெடக்கும். இப்பிடி பெஞ்சுல உக்காருங்க. எங்க வீட்டாளு தையக்கடைக்குப் போயிட்டாவ. அதுவும் நல்லதுதான். ஆமா, நகரசபைக்கு இந்த ரெண்டாவது மனுவப் போட்டது நாந்தான், சங்கரம்மா. கீழ கைநாட்டு வச்சதெல்லாம் எங்க தெருப் பொம்பளைய. காப்பியக் குடிங்க, கருப்பட்டிதான் போட்டிருக்கேன்.

எனக்காவச் சொல்லல சார், ஊரு கெட்டுப்போவுதேன்னு சொல்லுதேன். புது ஹார்பர் வேலைக்குன்னு எங்கெங்க இருந்தோ ஆளுவ வந்து கெடக்கான். உப்பளத்துல நாள் பூரா வெயில்ல நின்னவனும் வீட்டுக்குப் போவாம நேரா பொருட்காட்சிக் கொட்டகைக்குத்தான் போறான். அங்கன அந்தச் செல்லக்கிளி ஆடுதா. அப்பிடி என்ன பெரிய அழகுங்கேன்? மாநெறம். பல்லு லேசா முன்னால துருத்திக்கிட்டு இருக்கு. முழங்கையப் பாத்தா அடுப்புக்கரி. நகரசபை ஜாக்கெட்டுக்கு முழங்கை வரைக்கும் கை வைக்கச் சொன்னதுல அவளுக்கு லாபந்தான், அந்தக் கறுப்பு மறைஞ்சு போச்சு.

போன மாசம் நாங்க போட்ட மொத மனு ஞாபகம் இருக்கா சார்? ஆட்டத்தையே நிறுத்துங்கன்னுதான் கேட்டோம். கவுன்சிலர் கிருபாநிதி அண்ணாச்சி கூட்டத்துல எந்திரிச்சு நல்லாத்தான் பேசினாவ. மத்தவிய என்ன செஞ்சாவ, ஆட்டம் நடக்கட்டும், உடுப்பு மட்டும் அடக்கமா இருக்கணும்னு தீர்மானம் போட்டுட்டாவ. கை முழங்கை வரைக்கும், பாவாடை கணுக்கால் வரைக்கும், இடுப்பு தெரியக் கூடாது. நீங்கதான வந்து அவ டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனிய? நல்ல துணி எது, ஆட்டத் துணி எதுன்னு கூடப் பாக்கலியாமே, மொத்தத்தையும் எடுத்துட்டியளாம். இன்னும் ஒங்க ஆபீசுலதான பூட்டிக் கெடக்கு? சரி, சரி, சும்மாத்தான் கேட்டேன்.

பொறவு ஆடணும்னா புது உடுப்பு வேணும்லா? கொட்டகைக்காரன் துணியத் தூக்கிக்கிட்டு எங்க கடைக்கு வந்தான். அவளும் கூட வந்தா. நான் சோறு கொண்டுபோன நேரம். எங்க வீட்டாளு முடியாதுன்னுதான் சொன்னாவ. நாந்தான் சார், என் வாயி சும்மா இருக்காம, தச்சுக் குடுங்க, நீங்க தச்சாத்தான் அது நகரசபை சொன்னபடி இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஏன் சொன்னேன்னா, அவிய அப்பிடிப்பட்ட ஆளு. பொம்பளையாளு மேல டேப்பு படாது. எவளா இருந்தாலும் ஒடம்புக்கு நல்லாப் பத்துன பழைய ஜாக்கெட்டு ஒண்ண அளவுக்குன்னு துணியோட சுருட்டி மேசையில வச்சுட்டுப் போயிரணும். அந்த அளவு ஜாக்கெட்ட விரிச்சுப் போட்டுத்தான் வெட்டுவாவ. தலைய நிமிந்து பாக்க மாட்டாவ. அதுக்காவவே மாப்பிள்ளையூரணியில இருந்துல்லாம் பொம்பளைய எங்க கடையத் தேடி வாராளுவ.

அவ உடுப்பத் தைக்கும்போது என்ன கவனம்ங்கிய! முத்துக் குளிச்ச ஊருல, மெழுகு அடைச்ச போலி முத்த வாங்கி, ஜாக்கெட்டுக் கழுத்தச் சுத்தி ஒவ்வொண்ணா ஒக்காந்து கோத்தாவ. எங்க மூத்தவ சடங்குக்குத் தச்ச பாவாடைக்கு வெறும் மிசின் தையலுதான்.

நேத்து நானும் போய்ப் பாத்தேன். மொத வரிசையில உக்காந்து பாத்தேன். தீர்மானப்படி இருக்கான்னு பாக்க வேண்டாமா? இருந்துச்சு சார். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கை, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சரியாத்தான் மூடியிருந்துச்சு.

இல்ல, கெட்ட பாட்டுல்லாம் இல்ல. ரேடியோவுல படிக்கதுதான். கண்ணடிச்சாளான்னு தெரியாது, நான் மொகத்தப் பாக்கல. ஜாக்கெட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி நின்னு ஆடுதா, முதுகுல ஒரு சுருக்கம் இல்ல. கையத் தூக்குதா, அக்குளுல இழுக்கல. இந்தா, என் தோளப் பாருங்க, எப்பத் தச்சாலும் இந்த எடத்துல ஒரு மடிப்பு விழுந்துரும்.

அப்போ புகார் என்னன்னு கேக்கியளா? வயிறு எரியுது சார், அதுதான் புகாரு. அவள இந்த ஊர விட்டு அனுப்புங்க. வேம்பாருக்குப் போயி ஆடட்டும், எங்கனயும் போயி ஆடட்டும்.

நீங்களே ரோசிச்சுப் பாருங்க. அவ துணிமணி பூரா ஒங்க பூட்டுக்குள்ளல்லா கெடக்கு? அளவு ஜாக்கெட்டுக்கு அவ எங்க போனா? மேல போட்டிருந்தது ஒண்ணுதான், அதக் கழட்டியா மேசையில வச்சிருப்பா? காலையில கேட்டேன், எத வச்சு வெட்டினியன்னு. கண்ணளவுதான்னாவ. தலைய நிமிராமலே சொன்னாவ.

நான் வாக்கப்பட்டு வந்து, மூத்தவளும் சமைஞ்சுட்டா சார். எனக்கு ஒரு ஜாக்கெட்டு தைக்கணும்னா, இன்னைக்கும், ஏளா, அளவு ஜாக்கெட்ட எடுத்துட்டு வாங்காவ.