இரண்டு மொட்டைத் தலைகள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பல் போன வாய், உரக்கச் சொல்ல வராது. ஒரு கதை சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

தேங்காய் உரிக்கப் பலம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். கடப்பாரையைக் கூர் மேலே இருக்கும்படி தரையில் நட்டு, காயை அதில் குத்தித் திருகினால் மட்டை தானே பிளக்கும். திருத்தணி மலையடிவாரத்தில் என் வீட்டுக்காரர் வீராசாமியின் அர்ச்சனைக் கடையில் பதினோரு வருஷம் அதைத்தான் செய்தேன். பிள்ளை இல்லை. அதனால் வேலையில் கவனம் சிதறாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஆனி மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் சொன்னார்:

"ரத்தினம், அம்மையார்குப்பத்துல சந்திரான்னு ஒரு பொண்ணு கீது. ஆடி போவட்டும், கட்டிக்கினு வந்துடறேன். நீ பாட்டுக்கு இரு."

மோர் போதும் என்று சொல்கிற அதே குரல். நான் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சந்திராவின் அண்ணன் கோதண்டம் தறி நெய்கிறவன். ஒரு சாண் குடுமி வைத்திருந்தான். ஆடிப் பரணியன்று, காவடிக் கூட்டம் தெருவை அடைத்திருந்த நேரத்தில், கடை முன்னால் வந்து நின்றான்.

"இன்னாயா, ஊட்ல ஒருத்தி தேங்கா உரிச்சுகினு கீறா, அவ இன்னா கல்லா? ரெண்டாந்தாரத்துக்கு என் தங்கச்சிதான் கெடைச்சாளா? இன்னொரு தபா எங்க வாசப்படி ஏறிப் பாரு. தலை கழுத்துல நிக்காது."

"போடா, தறிக்குழில எறங்கி ஒக்காரு போ" என்றார் இவர். கூட்டம் சிரித்தது.

அவன் எனக்காகப் பேசினான் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நான் பேசச் சொல்லவில்லையே.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. காலையில் கோதண்டம் திரும்பி வந்து, தணிந்த குரலில் இவரைக் குளக்கரைப் பக்கம் அழைத்துப் போனான். உச்சிப்பொழுதில் இவர் மட்டும் வந்தார். தெரு ஜனமெல்லாம் மலைமேல் இருந்தது. கடைக்குப் பின்னால், மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு ஒரு பேச்சுச் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கடப்பாரையைத் தரையிலிருந்து பிடுங்கினேன். முதல் அடி காதுக்கு மேல். அவர் விழவில்லை. எழுந்து, ஒரு சாண் முடியில் முடிந்திருந்த என் சின்னக் கொண்டையைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை, அதனால் கிட்ட நின்றே இன்னும் மூன்று அடி அடிக்க வேண்டியிருந்தது. நாலாவதில் மண்டை உள்வாங்கியது. வாயிலிருந்து அப்போது குடித்த தண்ணீர் வந்தது. பிறகு கூர்முனையைக் கழுத்தில் வைத்து, என் பாரத்தைக் கொடுத்தேன். உடம்பு வெட்டி இழுத்து அடங்க நேரமாயிற்று. அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் முடி ஒரு கொத்து அவர் கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுக் குளத்துக்குப் போனேன். ஆயிரம் பேர் முழுகிய தண்ணீர், குங்குமமும் சந்தனமும் கரைந்து கிடந்தது. நானும் முழுகினேன். ஈரப் புடவையோடு மொட்டை போடும் வரிசையில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, இங்க தோல் கிழிஞ்சு ரத்தம் வருதே" என்றான் நாவிதன்.

"காவடிக் கட்டை இடிச்சுடுச்சுப்பா."

"பார்த்து வரக் கூடாதா?" என்று அடுத்த தலைக்குப் போய்விட்டான். தலை நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டு படியேறினேன். நல்ல தரிசனம். இறங்கி வந்து, கதவைத் திறந்து, அலறினேன்.

இன்ஸ்பெக்டர் அந்த முடியை ஒரு காகிதத்தில் வைத்து அளந்தார். ஒரு சாண். பரணியன்று நடந்த சண்டையைத் தெருவே சொன்னது. ரயிலடியில் கோதண்டத்தைப் பிடித்து வந்தார்கள். அவன் தலையிலும் மொட்டை, அவன் தலையிலும் சந்தனம்.

"குடுமி எங்கடா?"

"வேண்டுதலுங்க. காலையிலயே முருகனுக்குக் குடுத்துட்டேனுங்க."

"எந்த நாவிதன்? எத்தனை மணிக்கு?"

நாவிதர்கள் அன்று எத்தனை தலையைப் பார்த்தார்களோ. யாருக்கும் அவன் முகம் நினைவில்லை. முடியோ, மலை மலையாகக் குவிந்துகிடந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டு மொட்டைத் தலைகள் நின்றோம். அவர் ஒரு தலையைத்தான் விசாரித்தார். என்னை உட்காரச் சொன்னார்.

வழக்கு நடக்கும்போது கோதண்டத்தின் மனைவி மணியம்மை வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க ஊட்டுக்காரரு மனசு மாறிட்டாருன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு. கல்யாணப் பேச்சை விட்டுட்டாராம். அந்த சந்தோஷத்துலதான் இவரு குடுமிய எடுத்தாராம். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா இருந்திருப்பாரு? சொல்லுங்கக்கா."

வயிற்றுப் பிள்ளைக்காரி. சோறு போட்டு, பூவும் பழமும் கொடுத்து அனுப்பினேன்.

அப்போது எங்கள் ஊர் தெலுங்கு ஜில்லாவோடு சேர்ந்திருந்தது; ஜில்லா கோர்ட்டில் ஜட்ஜு தெலுங்கில் கேட்டார், குமாஸ்தா தமிழில் சொன்னார். "அந்தக் கல்யாணத்தைக் கைவிட்டதாக உன் புருஷன் உன்னிடம் சொன்னாரா?"

கோதண்டம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் "இல்லீங்க" என்றேன். மாசி மாதம் அவனைத் தூக்கிலிட்டார்கள். பரணியன்று வாயை அடக்கியிருந்தால் உயிரோடு இருந்திருப்பான்.

இப்போது அந்தப் பேச்சு. தண்ணீரைக் குடித்துவிட்டு இவர் சொன்னது இவ்வளவுதான்: "ரத்தினம், அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டேன். நீ பாட்டுக்கு இரு."

கட்டிக்கொள்வதையும் அவரே முடிவு செய்தார், விடுவதையும் அவரே முடிவு செய்தார். இரண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நான் யாரிடமும் கோபப்படுகிறவள் இல்லை.

பொழுது சாய்கிறது, கிளம்புங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். பெண்டுகள் மஞ்சள் குங்குமத்தோடு நிறைந்திருக்கட்டும். பொய்ச் சாட்சி சொல்கிற பாவிகள் கால் உங்கள் வாசலில் படாமல் அந்தத் தணிகைமலையான் காக்கட்டும்.