பெற மறுத்தார்

செருப்பு வாங்கும்போது மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறவர்கள் மட்டமான செருப்பைப் போட்டால், மிச்சம் பிடித்த காசு முட்டி வலிக்கே போய்விடும். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். நீங்கள் விசாரணைக்கு வந்திருப்பவர், உங்களுக்கு இது தேவைப்படாது. மற்றதையும் சொல்கிறேன் ஐயா, மறைக்கும் எண்ணம் இல்லை.

காலையில் கிடங்கில் பார்சல்களை எடுத்து, எனக்கு ஒதுக்கிய மூன்று தெருக்களில் கொடுப்பேன். கூடவே கேட்லாக். துணிமணி, வீட்டுச் சாமான் எல்லாம் படம் போட்ட புத்தகம். வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஆர்டரோடு திரும்ப வாங்க வேண்டும். தெருவுக்கு மாதம் பத்து ஆர்டர். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் தெருவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்போது என் கணவர் படுக்கையில் இருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். பிசியோதெரபி செய்கிறவர் வாரம் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். எட்டாவது மாதம் இடது கால் பெருவிரல் அசைந்தது. "விடாம செஞ்சா ஒன்றரை வருஷத்துல நடந்துடுவார். நடுவுல நிறுத்தினா இந்த விரலோட சரி" என்றார் அவர். மூன்று தெருவும் கையில் இருந்தால்தான் விடாமல் செய்ய முடியும்.

மூன்றாவது தெருவில் டீச்சரம்மா இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், மூன்றாம் மாடியில் தனியாக. அந்தத் தெருவின் பத்தில் நாலு ஆர்டர் அவருடையது. புத்தகத்தை வாங்கியதும் நேராகக் குழந்தைகள் துணிப் பக்கத்துக்குப் போவார். முதல் வருடம் இரண்டு வயதுக் கவுன். அடுத்த வருடம் மூன்று வயதுக்கு. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

"யாருக்கு டீச்சரம்மா இத்தனை கவுன்?"

"எனக்குத்தான். போட்டுக்கிட்டு மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் சேரப் போறேன்." சிரித்துவிட்டுப் பிறகுதான் சொன்னார். ஒரே மகள், கல்யாண விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போய் ஆறு வருடம். கோபத்தில் இவர் போன் நம்பரையும் மாற்றிவிட்டார். பேத்தி பிறந்ததே யாரோ சொல்லித்தான் தெரியும். "அவ ஒரு வார்த்தை கூப்பிடட்டும். அன்னைக்கே இந்த வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன். நானா போக மாட்டேன், பாத்துக்கோ."

அடுத்த மாதம் மகளிடமிருந்து பார்சல் வந்தது.

அன்று தேதி இருபத்தாறு. அந்தத் தெருவில் முந்தைய மாதம் எட்டு ஆர்டர். இந்த மாதம் ஏழு வந்திருந்தது, டீச்சரம்மாவின் ஆர்டர் இனிமேல்தான். மாடிப்படிக்குக் கீழே நின்று யோசித்தேன். பார்சலைப் பதிவு செய்ய எங்கள் கையில் கொடுத்திருக்கும் கருவியில், கொடுக்க முடியாத பார்சலுக்கு மூன்று பொத்தான் உண்டு. 'வீடு பூட்டியிருந்தது' என்றால் நாளைக்கும் வர வேண்டும். 'முகவரி தவறு' என்றால் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள். 'பெற மறுத்தார்' என்றால் ஒரு கேள்வியும் கிடையாது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அதை அழுத்தினேன். பிறகு மேலே போய் கேட்லாக்கை நீட்டினேன்.

அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது பார்சலின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: 'அம்மா, ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாரு.' அந்த வாரம்தான் என் கணவருக்குக் கணுக்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவது பார்சல் வந்தபோது நான் யோசிக்க நிற்கவில்லை.

ஒவ்வொரு முறையும் டீச்சரம்மா கேட்பார். "வேற ஏதாவது என் பேர்ல வந்துச்சா?"

"வந்தா உங்க கைல குடுக்காம எங்க போகப் போறேன், டீச்சரம்மா?"

"அதுவும் சரிதான்" என்று இன்னொரு கவுனைக் குறித்துக் கொடுப்பார். மனம் சரியில்லாத நாட்களில் கூடுதலாக வாங்குவார். அதை நான் கவனித்திருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார். "அந்தத் தெருவுல என்னக்கா சொக்குப்பொடி போட்டீங்க? இவங்களுக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

போன வருடக் கடைசியில் டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் கவுன்களையெல்லாம் பெரிய பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் மகளின் முகவரியை விசாரித்துக் கொடுத்திருந்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒட்டினார்.

"உள்ள கடுதாசி வச்சிருக்கேன். நானே இறங்கி வந்துட்டேன்னு எழுதிட்டேன். இன்னும் என்ன வீறாப்பு, சொல்லு?"

"அதானே" என்றேன்.

அனுப்பச் சொல்லி அவர் என்னிடம் கொடுத்த பெட்டி பன்னிரண்டு நாள் என் வீட்டில், கட்டிலுக்கடியில் இருந்தது. என் கணவர் கேட்டார்.

"யாரோடது இது?"

"ஆபீஸ் பார்சல்."

"ஆபீஸ் பார்சலுக்கு நம்ம கட்டிலுக்கடியில என்ன வேலை?"

அவர் அப்போது கோலை ஊன்றிக் கட்டிலிலிருந்து வாசல்வரை ஏழு அடி வைப்பார். பிசியோதெரபி முடிய இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தொலைந்தால் புகார் வரும், மறுபடி அனுப்புவார். மறுத்துவிட்டார்கள் என்றால் யாரும் புகார் கொடுப்பதில்லை. கருவி பழுதானால் ஒட்டுவதற்கென்று எங்கள் பையில் 'பெற மறுத்தார்' என்று அச்சடித்த சீட்டுகள் இருக்கும். பதின்மூன்றாம் நாள் ஒன்றைப் பெட்டியில் ஒட்டி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனேன். நல்ல கனம்.

டீச்சரம்மா சீட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அவளே சொன்னாளாமா?"

"அப்படிப் போட்டுத்தான் வந்திருக்கு, டீச்சரம்மா."

நான் கனம் தூக்கி வந்தேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். கேட்லாக்கை நீட்டினேன். குழந்தைகள் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படி அவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பதினோரு நாள் கழித்து, தட்டியும் கதவு திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டது நான்தான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையெல்லாம் வாங்கிய அட்டையில் அப்படியே இருந்ததாம், சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறார்.

திரும்பிப் போன மூன்று பார்சல்களோடு அவர் மகள் வந்ததும், நீங்கள் இந்த மேஜையில் வைத்துப் பிரித்ததும் தெரியும். முதல் பார்சலில் குழந்தையின் போட்டோவும் அவர்கள் வீட்டுச் சாவியும் இருந்தன. நேற்று அந்தப் பெண் என்னிடம், "எங்கம்மா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?" என்று கேட்டது. ஒன்றும் செய்யவில்லை. உண்மையில் நல்ல மனுஷி.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை பொத்தானை அழுத்தியது நான். சீட்டை ஒட்டியதும் நான். தெரிந்துதான் செய்தேன். என் கணவர் இப்போது தெருமுனைவரை கோல் இல்லாமல் நடக்கிறார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று. இத்தனை வருடம் மழையோ வெயிலோ, அந்த மூன்று மாடி ஏறிப்போய் அவரோடு நாலு வார்த்தை பேசியது யார் என்று அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பாவம், அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.